தேர்வறையில் நீங்கள் சொன்னது

அக்கா,

இன்று மதியம் கணினி அறையில் புதிதாக வந்த பெண் ஒருத்தி தலைவலிக்குத் தைலம் தடவினாள். நீங்கள் பூசும் அதே தைலம். நீங்கள் இறந்து ஒரு வருடமாகிறது. அந்த வாசனையோடு வேலை ஓடவில்லை.

சிம்பாங் அம்பாட் தொழிற்சாலையில் பதினெட்டு வருடம் பக்கத்துப் பக்கத்தில் நின்று சர்க்கியூட் பலகைகளைச் சோதித்தோம். அங்கேயே உட்கார்ந்து பார்க்கும் டெக்னீஷியன் வேலை ஒன்று காலியானபோது, 'சி' என்ற கணினி மொழியில் நிரல் எழுதத் தெரிய வேண்டும் என்றார்கள். கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில், ஒரு மாடி அறையில் நடந்த சனிக்கிழமை வகுப்பில் இருவரும் சேர்ந்தோம்.

முதல் நாள் நிரலை எழுதி முடித்து, அதைக் கணினிக்குப் புரியும்படி மாற்றும் கட்டளையை, gcc vanakkam.c என்று கறுப்புத் திரையில் தட்டினீர்கள். எதுவும் வரவில்லை.

"கெட்டுப் போச்சா சார்?"

"பிழை இருந்தாத்தான் அது பேசும். இப்ப ./a.out அடிச்சு ஓட்டுங்க," என்றார் ஆசிரியர்.

திரையில் வணக்கம் வந்தது. "எங்க வீட்டுக்காரர் மாதிரிதான்லா. சத்தம் இல்லன்னா எல்லாம் சரி," என்று சிரித்தீர்கள்.

அந்த வேலைக்குத் தொழிற்சாலையில் வைத்த தேர்வில் ஐந்து அளவுகளின் சராசரி காணும் நிரலைக் கேட்டார்கள். உங்களுடையது ஓடிவிட்டது. என் திரை முழுக்கப் பிழைகள். நீங்கள் மெல்லச் சாய்ந்தீர்கள்.

"முதல் பிழைய மட்டும் பாரு தங்கச்சி. அத சரி பண்ணா மத்தது தன்னால போயிடும்."

ஓர் அரைப்புள்ளியை விட்டிருந்தேன். போட்டதும் ஓடியது.

தேர்வைக் கவனித்த எங்கள் மேற்பார்வையாளர் உங்கள் வாய் அசைந்ததை மட்டும் பார்த்தார். நீங்கள்தான் என்னைக் கேட்டு எழுதுவதாக நினைத்து உங்களை வெளியே அனுப்பினார். நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வேலை எனக்குக் கிடைத்தது. அன்று வீடு திரும்பும் பஸ் கடல் பாலத்தில் போகும்போது, "ஏன் மூஞ்சி இப்படி இருக்கு? ரெண்டு பேர்ல ஒருத்திக்குக் கெடைச்சிருச்சுலா," என்றீர்கள். நான் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அதன்பின் ஆறு வருடம் நீங்கள் நின்றே வேலை செய்தீர்கள். நோயில் படுத்தபோது பழம் வாங்கிக்கொண்டு வந்தேன். மருந்து, டாக்டர் என்று பேசினேன். தேர்வறையில் நடந்ததை மட்டும் பேசவில்லை.

போன வாரம் மேற்பார்வையாளரிடம் சொல்லிவிட்டேன். "அன்னிக்கு அக்கா என்னைக் கேக்கல சார். எனக்குத்தான் சொல்லிக் கொடுத்தாங்க."

"பழைய கதைலா. இப்ப எதுக்கு?" என்று அவர் போனைப் பார்க்கத் தொடங்கினார்.

மனம் லேசாகும் என்று நினைத்தேன். அசதிதான் மிஞ்சியது. உங்களிடம் மன்னிப்புக் கேட்டிருந்தால், "விடு தங்கச்சி," என்று சொல்லியிருப்பீர்கள். அந்த ஒரு சொல்லை வாங்கிக்கொள்ளாமலே தினமும் வேலைக்குப் போய் வருகிறேன்.