மலைக்குருவியின் நான்கு நிமிடம்

ஜூன் 9, செவ்வாய்
இன்று சைக்கிள் போட்டியில் மலை ஏற்றம். காலைப் பிரார்த்தனையைச் சீக்கிரம் முடித்து, உலையை ஏற்றிவிட்டு டிவி முன்னால் உட்கார்ந்தேன். "உன் தம்பி வந்துட்டான்டி, ஓடி வா" என்று இவர் கேலி. கூடப் பிறக்காத தம்பிதான், அதனால் என்ன? பத்திரிகைகள் அவனை மலைக்குருவி என்கின்றன. அடிவாரத்துத் தண்ணீர்த் தொட்டியைச் சைக்கிள் தாண்டியதும் ஸ்டாப்வாட்சை அழுத்தினேன். இவர் விளையாட்டு வாத்தியாராக இருந்தபோது வாங்கியது. உச்சிக் கோபுரத்தடியில் நிறுத்தினேன். 36 நிமிடம் 58 நொடி! ஒன்பது வருடமாக எழுதுகிறேன், இந்த வேகம் இதுவரை இல்லை. வழக்கம்போல் பக்கத்திலேயே 'நன்றி ஆண்டவரே' என்று எழுதினேன்.
சோறு குழைந்துவிட்டது.

ஜூன் 10
ஊக்கமருந்து ஊசி போட்டுக்கொண்டுதான் ஜெயிக்கிறானாம். மறுபடியும் அதே வம்பு. விளையாட்டுப் பக்கத்துக்கு ஒரு கடிதம் எழுதினேன். ஒன்பது வருட நேரத்தையும் கட்டம் போட்டு இணைத்தேன். முதல் மூன்று வருடம் 41 நிமிடத்தை ஒட்டி. அப்புறம் படிப்படியாகக் குறைவு. உழைப்பு எப்படி ஏறுகிறது என்று பார்க்கட்டும்.
"உனக்கெதுக்குடி இந்த வேலை?" என்றார் இவர். தபாலில் போட்டாயிற்று.

ஜூன் 15
பத்திரிகைப் பெண் போன் செய்தாள்.
"எல்லாம் நீங்களே எடுத்த நேரமா, அக்கா?"
"ஆமாம்மா. ஒரு வருஷம்கூட விடல."
"போட்டி நடத்துறவங்ககிட்டகூட இந்த மலைக்குத் தனியா நேரம் இல்லக்கா."
நாள் முழுக்கக் கால் தரையில் பாவவில்லை.

ஜூன் 17
வந்துவிட்டது. என் கட்டம்தான், என் எண்கள்தான். மேலே கொட்டை எழுத்தில்: 'நான்கு நிமிடம் எங்கிருந்து வந்தது?' முப்பத்து நான்கு வயதில் எந்த உடம்பும் இப்படி வேகம் கூட்டாது என்று ஒரு டாக்டர் சொல்லியிருக்கிறார்.
நான் மாலையாகத்தானே கட்டிக் கொடுத்தேன். ஒன்பது வருடம் கூட்டிக் கழித்துப் பார்த்தவளுக்கு இது ஏன் தோன்றவில்லை? தோன்றவில்லையா, தோன்ற விடவில்லையா?

ஜூன் 18
பிரார்த்தனையில் மனம் நிற்கவில்லை.

ஜூன் 20
டிவியில் அவன். "யாரோ ஒரு வீட்டம்மா அடுப்படில உக்காந்து கடிகாரத்த அமுக்கினாங்களாம். அதுக்கெல்லாம் நான் பதில் சொல்லணுமா?" கூட்டம் சிரித்தது. பழக்கதோஷம், அவன் சிரித்ததும் நானும் சிரிக்கத் தொடங்கி — இவர் எழுந்துபோய் டிவியை அணைத்தார்.

ஜூன் 23
விசாரணைக் குழுவிலிருந்து கடிதம். வியாழக்கிழமை ஆள் வருகிறார். அசல் நோட்டு வேண்டுமாம், நேரங்கள் சரி என்று கையெழுத்தும் வேண்டுமாம்.
"கடிகாரம் பழசு, ஓடும், நிக்கும்னு சொல்லிடு. அவனும் தப்பிச்சான், நீயும் தப்பிச்ச" என்றார் இவர்.
சொல்லிவிடலாம். ஒரே ஒரு வாக்கியம்.
ரேடியோவில் மணி அடித்ததும் அழுத்தி, அடுத்த மணிக்கு நிறுத்தினேன். ஒரே ஒரு நொடிதான் பிந்தியது. மறுபடியும் பார்த்தேன், ஒரு நொடிதான். மூன்றாம் தடவையும் அதேதான். ஒரு நாலு நிமிஷம் தப்பா ஓடித் தொலைஞ்சா என்ன, பாழாப்போன கடிகாரமே!

ஜூன் 25, வியாழன்
"நேரமெல்லாம் சரிதானாம்மா?"
"சரிதான்."
போட்டேன். என் கையெழுத்து என்னுடையதுபோலவே இல்லை. நோட்டைப் புரட்டியவர், "பக்கத்துல நன்றி நன்றின்னு இருக்கே, அது எதுக்கு?" என்றார்.
"அது உங்களுக்கு இல்ல சார்."

செப்டம்பர் 4
ஒப்புக்கொண்டுவிட்டான். ரேடியோவில் ஒரே வரி, அடுத்து வானிலை. இவர் கேலி செய்யவில்லை. டீ போட்டுக் கொண்டுவந்து வைத்தார். சர்க்கரை போட மறந்திருந்தார். அப்படியே குடித்தேன்.

ஜூன் 8, செவ்வாய்
வருடம் திரும்பிவிட்டது. இன்று மலை ஏற்றம், அவனுக்குத் தடை. காலைத் தபாலில் என் நோட்டு திரும்பி வந்தது. ஒவ்வொரு நேரத்துக்கும் பக்கத்தில் அவனைக் கையெழுத்துப் போட வைத்திருக்கிறார்கள். ஆறு வருடங்களுக்கு வெறும் கையெழுத்து. முதல் மூன்றுக்கு மட்டும் கூடவே பொடி எழுத்தில்: 'இது நானே ஏறினது.'
இவரிடம் காட்டினேன். "உன் தம்பி கையெழுத்து கோழி கிண்டின மாதிரி இருக்குடி" என்றார். ஒரு வருடத்துக்கு அப்புறம் அந்தத் தம்பி.
ஆறு நன்றிகளையும் அடித்துவிடப் பேனாவை எடுத்தேன். அடிக்கவில்லை. அந்த மூன்றின் பக்கத்தில் மட்டும் இன்னொரு தடவை எழுதினேன். பிறகு ஸ்டாப்வாட்சுக்குச் சாவி கொடுத்தேன்.