நீ ஒட்டிய படப்பெயர்கள்

பகாவ் பஸ் நிலையச் சுவரில் பாதி கிழிந்த சினிமா போஸ்டர். அதனடியிலிருந்து பழைய போஸ்டர் ஒன்று எட்டிப் பார்க்கிறது. மேலே பக்திப் படத்தின் பெயரில் முன்பாதி, கீழே சண்டைப் படத்தின் பின்பாதி. நீ இருந்திருந்தால் சேர்த்துப் படித்திருப்பாய். நான் பார்த்துக்கொண்டே நின்றேன், பஸ் போய்விட்டது.

நம் ரப்பர் தோட்டத்துத் திடலில் மாதமொரு முறை இரண்டு படம் போடுவார்கள். நீ இரண்டின் பெயரையும் வெட்டி ஒன்றாக ஒட்டிவிடுவாய். 'பதிவிரதையின் பீரங்கி.' 'மாங்கல்யம் காத்த மர்ம லாரி.' பள்ளிப் புத்தகத்தையும் நீ விடவில்லை: 'நல்லொழுக்கப் பாடமும் நாலு கொலையும்.' எல்லாம் என் காதில் மட்டும்தான் சொல்வாய், கூச்சக்காரன். எழுந்து நின்று கத்துவது நான். ஆயிரம் பேர் சிரித்தார்கள். நம்மை வேலை வாங்கும் மண்டோர் சிரித்த சிரிப்பில் ரப்பர் மரமே இலை உதிர்த்தது. ஆறாம் வகுப்போடு நின்றவன் என்றாலும் என் குரல் அப்படி.

"யாருடா யோசிச்சது?" என்று கேட்பார்கள்.

"வேற யாரு லா, நான்தான்."

நீ பாட்டுக்குக் கடலை உரித்துக்கொண்டிருப்பாய். கோபமில்லையா என்று ஒருமுறை கேட்டேன். "நீ சொன்னாத்தான்டா சிரிக்கிறாங்க" என்றாய். நானும் அதையே சாக்காக வைத்துக்கொண்டு, நாற்பது வருடம் கல்யாணம் காதுகுத்து ஒன்று விடாமல் பெயர் வாங்கினேன்.

ஆஸ்பத்திரியில், மூக்கில் குழாயோடு, என் கையைப் பிடித்தாய். "டேய், இன்னிக்கு நீ ஒண்ணு சொல்லுடா. புதுசா."

வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை. "நாளைக்குப் பத்தா சொல்றேன் லா" என்றேன். மறுநாள் கட்டில் காலி.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் அம்பாங்கானில் உன் மகள் வீட்டுக்குப் போனேன். எல்லாம் உன் அப்பா யோசித்ததம்மா, நான் திருடிக்கொண்டேன் என்று ஒன்றுவிடாமல் சொன்னேன். கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தவள் சிரித்துவிட்டாள்.

"போங்க மாமா, நீங்க ஒண்ணு! அப்பா வீட்ல பத்து வார்த்த பேசமாட்டாரு. அவரப் பெருமப்படுத்த இதையும் கட்டிவிடுறீங்களா?"

சத்தியம் செய்தேன். என் சத்தியத்தைப் பற்றியும் அவளுக்குத் தெரியும். தேநீர் கலக்கப் போய்விட்டாள்.

வாழ்க்கையில் ஜோடனை இல்லாமல் நான் சொன்னது அது ஒன்றுதான். இப்போதும் போகிற இடமெல்லாம், "அங்கள், ஒண்ணு சொல்லுங்க" என்கிறார்கள். சொல்கிறேன், சிரிக்கிறார்கள். இது என்னுடையதில்லை, செத்துப்போன என் கூட்டாளியுடையது என்கிறேன்.

இன்னும் பலமாகச் சிரிக்கிறார்கள்.