கல்லில் இருந்த உயிர்கள்

1962 மார்ச் 12, திங்கள்

தோல் வியாபாரமாகக் கடலோர ஊரான மண்டபத்துக்குப் போன என் வீட்டுக்காரர், நான்கு நாளைக்கு முன் ஒரு பவளப்பாறைத் துண்டையும் டின் நிறையக் கடல் தண்ணீரையும் கொண்டுவந்தார். கண்ணாடித் தொட்டியில் போட்டு ஜன்னலோரம் வைத்தோம். வெறும் கல் என்றுதான் இருவரும் நினைத்தோம்.

இன்று தண்ணீர் லேசாக நாறியது. கல்லைச் சவுக்காரம் போட்டுத் தேய்க்கலாம் என்று கையை விட்டேன். ஒரு பொந்துக்குள்ளிருந்து பூப்போல ஏதோ விரிந்து என் விரலைப் பற்றியது. பக்கத்தில் மிளகளவில் ஒரு நட்சத்திர மீன் ஊர்ந்தது. பயந்து கையை எடுத்துவிட்டேன். ஆனால் வெயில் இறங்கும்வரை அந்த இடத்தைவிட்டு எழவில்லை.

அவர் வந்ததும், "இதைக் கடல்லயே விட்டுட்டு வாங்க. இங்க இருந்தா செத்துப்போகும்" என்றேன்.

"ஒரு கல்லுக்காகவா ரயிலேறச் சொல்ற?"

"கல்லா இருந்தா கேட்டிருக்க மாட்டேன்."

அவரும் விரலை விட்டுப் பார்த்தார். "சரி, காலையில போறேன்" என்றார்.

"நானும் வாரேன்."

"அம்புட்டு தூரம் உன்னால முடியுமா?"

குழந்தை தங்காமல் போனதிலிருந்து எல்லோரும் என்னிடம் இதைத்தான் கேட்கிறார்கள். முடியும் என்றேன். அவர் மறுக்கவில்லை. இந்த வயதில் நாளைக்குத்தான் முதல் முறையாகக் கடலைப் பார்க்கப்போகிறேன்.