பங்களாவுக்குப் பின்னால் சைப்ரஸ்

ஜூன் 14, புதன்.

என்னை நினைத்தாலே குமட்டுகிறது.

தேயிலை விலை விழுந்ததிலிருந்து எஸ்டேட் பங்களாவை விருந்தினர் விடுதியாக மாற்றும் வேலை நடக்கிறது. அதன் பின்தோட்டத்தில் நின்றால் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் தகரக் கூரை லைன் வீடுகள் தெரியும். காலையில் மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, "வர்றவங்க கண்ணுல அந்தக் கண்றாவி படக்கூடாது. மறைக்கிற மாதிரி செடியாப் பாத்து வாங்கிட்டு வாங்க," என்றார்.

குன்னூர் நர்சரிக்குப் போனேன். மூங்கில் இலை கொட்டும், பாட்டில் பிரஷ் செடி நடுவில் சந்து விடும் என்று கடைக்காரரிடம் வாதாடி, அடியிலிருந்தே அடர்ந்து வளரும் சைப்ரஸ் கன்றுகளைப் பொறுக்கி எடுத்தேன். ஒரு குமாஸ்தாவுக்கு இதில் என்ன அவ்வளவு அக்கறை?

மதியம் குழி தோண்ட வந்தவர் மாரியம்மா. முதல் லைனில் குடியிருப்பவர். கன்றுகளைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"ஏனுங்க சார், காத்து எங்க ஊட்டுத் தகரத்தைத் தூக்குதுன்னு எழுதிக் குடுத்தமே, அந்தக் காத்தைத் தடுக்கத்தானுங்களா இந்தச் செடி?"

அந்த மனுவை மேனேஜர் படிக்காமலே திருப்பித் தந்தார். ஃபைலுக்குள் செருகி வைத்தவன் நான்தான்.

"ஆமாங்க," என்றேன்.

அதன்பிறகு அவர் நான் சொன்னதைவிட ஒரு சாண் ஆழமாகவே ஒவ்வொரு குழியையும் தோண்டினார். தன் வீட்டிலிருந்து குடத்தில் தண்ணீர் கொண்டு வந்து ஊற்றினார். கிளம்பும்போது, "உங்க புண்ணியமுங்க," என்று மண் கையோடு கும்பிட்டார்.

நானும் பதிலுக்குக் கும்பிட்டேன்.