வளைந்த குஞ்சுகள்

மே 4, ஞாயிறு
கத்திரி வெயில் இன்று தொடங்குகிறது. பால்கனித் தொட்டியில் ஏஞ்சல் மீன் ஜோடி முட்டையிட்டிருக்கிறது. தண்ணீர் முப்பத்துமூன்று டிகிரி. சூடு இருந்தால் சீக்கிரம் பொரியும், நல்லதுதான். தி.நகர் வெயிலால் இந்த உபயோகமாவது இருக்கட்டும்.

மே 6
பொரிந்துவிட்டன! எனக்குத் தலைகால் புரியவில்லை. நம் ஜவுளிக்கடையில் வேட்டி வாங்க வந்தவரிடம் மீன் கதை சொல்லிக்கொண்டிருந்தேன்.

மே 20
பாதிக்கு மேல் முதுகு வளைந்த குஞ்சுகள். நீந்த முடியாமல் சுற்றிச் சுற்றி வருகின்றன. படித்துப் பார்த்தேன் – முட்டைக்குள் உருவாகும்போது தண்ணீர் அளவுக்கு மீறிச் சுட்டால் முதுகெலும்பு கோணிவிடுமாம். பிறகு குளிரவைத்தும் பயனில்லை.

சாப்பிடும்போது இதை விளக்கினேன். விளக்காவிட்டால் எனக்குத்தான் சோறு இறங்காதே. மகள் சிந்து முதுகு பெல்ட்டோடு உட்கார்ந்து கேட்டாள். பதினொரு வயது, போன வருடம்தான் அவள் முதுகு வளைவதைக் கண்டுபிடித்தார்கள். என் மனைவி ஷண்முகப்ரியா பாதிச் சாப்பாட்டில் எழுந்து போய்விட்டாள். ஏன் எழுந்தாள் என்று எனக்கு அப்போதும் புரியவில்லை. மடையன்.

மே 21
வளைந்ததைப் பெரிய மீனுக்குத் தீனியாகப் போடுவது மீன் வளர்ப்பவர்கள் வழக்கம். போடவில்லை.

மே 24
ஷண்முகப்ரியா இன்று கேட்டுவிட்டாள். சிந்து வயிற்றில் இருந்தபோது தீபாவளி வியாபாரம். காய்ச்சலோடு கடைக் கல்லாவில் உட்கார்ந்திருந்தாளாம்.

"அந்தச் சூட்டுலதான் பிள்ளைக்கு முதுகு இப்படி ஆயிடுச்சா?"

மீன் வேறு, மனுஷி வேறு என்றேன். காரணம் தெரியாது என்று டாக்டரே சொன்னாரே என்றேன்.

"டாக்டருக்குத் தெரியல. உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு."

நான் ஏன் வாயைத் திறந்தேன்? சும்மா இருக்கவே முடியாதா எனக்கு?

ஜூன் 9
தொட்டியை ஹாலுக்கு மாற்றி, ஏசி போட்டு இருபத்தேழு டிகிரியில் வைத்திருக்கிறேன். மறுபடி முட்டை. இப்போதுதான் உறைக்கிறது – எல்லாம் நேராக வந்தால் அவள் என்ன நினைப்பாள்? ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் நேராக வரும் என்றுதானே? நல்லபடியாகப் பொரியட்டும் என்று வேண்டிக்கொள்ளவே பயமாக இருக்கிறது.

ஜூன் 15
தொட்டிப் பக்கமே அவள் வருவதில்லை.

ஜூன் 25
எல்லாம் நேராக, அழகாக வந்திருக்கின்றன. ஒன்றைத் தவிர. அந்த வளைந்த ஒன்றைப் பார்த்ததும் சந்தோஷப்பட்டேன், எழுதவே வெட்கமாக இருக்கிறது. ஷண்முகப்ரியாவைக் கையைப் பிடித்து அழைத்துவந்து காட்டினேன்.

"இதுக்கு என்ன குறை வச்சீங்க?"

"ஒண்ணும் வைக்கல."

"அப்புறம் ஏன்?"

"தெரியல ப்ரியா. நெசமாவே தெரியல."

தொட்டி முன்னால் உட்கார்ந்து அழுதாள். பிறகு சிந்துவைக் கூப்பிட்டு, முதுகு பெல்ட்டைத் தானே மாட்டிவிட்டாள். ஒரு மாதமாக அதை நான்தான் செய்துவந்தேன்.