வெயிலில் காய்ந்த இரண்டு பாய்கள்

இன்று மதியம் பள்ளிக்கூடத்துச் சுற்றுச்சுவரில் இரண்டு கோரைப்பாய்களைக் காயப் போட்டேன். ஈரக் கோரை வெயிலில் காயும்போது ஒரு வாடை வருமே, அது மூக்கில் ஏறியதும் நீ வந்துவிட்டாய். செத்தும் உனக்கு ஓய்வில்லை பார். என்னையும் ஓயவிட மாட்டாய்.

எனக்கு அலுப்பாக இருக்கிறதடி. விழுப்புரத்திலிருந்து திண்டிவனம், திண்டிவனத்திலிருந்து விழுப்புரம். நாம் சேர்ந்து போய்வந்த அதே பஸ்தான். உட்கார இடம் கிடைத்தால் உடனே கண் அசந்துவிடுகிறது. நீ இருந்தபோது எங்கே தூங்கவிட்டாய்? விக்கிரவாண்டி தாண்டுவதற்குள் உன் எல்.கே.ஜி. பிள்ளைகள் அத்தனை பேர் கதையையும் சொல்லிவிடுவாய். நான் யு.கே.ஜி. டீச்சர், எனக்கு எதற்கு இதெல்லாம் என்றால், "அடுத்த வருஷம் உன் தலையிலதான விடியப் போவுது, கேட்டு வெச்சுக்கோ" என்பாய்.

அப்படித்தான் தாரணியைப் பற்றிச் சொன்னாய். சாப்பாட்டுக்குப் பிறகு பாய் விரித்துப் பிள்ளைகளைத் தூங்கவைப்பது நம் பள்ளி வழக்கம். எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று காலைப் போட்டுக்கொண்டு தூங்கும். அவள் மட்டும் சுவரோரம் கால்களைச் சேர்த்து உட்கார்ந்து, கண்ணைக் கசக்கிக் கசக்கி விழித்திருப்பாள். சத்தமில்லை, அடமில்லை. "எவ்ளோ சமத்து!" என்று ஆயாவிலிருந்து கரஸ்பாண்டன்ட் வரை எல்லோரும் கன்னத்தைத் தட்டிவிட்டுப் போனோம். உனக்கு மட்டும் அது பிடிக்கவில்லை. "நாலு வயசுப் புள்ளைக்கு எதுக்குடி இவ்ளோ சமத்து?" என்றாய்.

ஒருநாள் பாவம், உட்கார்ந்தபடியே சரிந்து தூங்கிப்போனாள். எழுந்தபோது பாய் நனைந்திருந்தது. நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். பிள்ளை அழவில்லை. கவுனைத் தொடையோடு இறுக்கிப் பிடித்துக்கொண்டு, யாரோ வரப்போகிறார்கள் என்று கதவையே பார்த்தாள். நீ உன் தண்ணீர் பாட்டிலைத் திறந்து உன் பாயில் மடமடவென்று ஊற்றினாய். "அய்யய்யோ, டீச்சர் பாயும் நனைஞ்சுபோச்சே! வா தாரணி, ரெண்டையும் வெயில்ல போடலாம்." உனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன்.

இரண்டு பாய்களையும் சுவரில் போட்டு முடித்ததும் அவள் உன்னை நிமிர்ந்து பார்த்துக் கேட்டாள்.

"உனக்கு யாரு டீச்சர் சூடு வெப்பாங்க?"

"எனக்கு யாரும் வெக்க மாட்டாங்களேடா."

"எனக்கு சித்தப்பா வெப்பாரு."

உன் முகம் எப்படி இருந்தது என்று எனக்குத்தான் தெரியும். ஆனால் குரல் மாறவில்லை. "சொன்னியே, ரொம்ப நல்லதாப் போச்சு கண்ணு. உன் மேல தப்பே இல்ல" என்று மட்டும் சொன்னாய். எங்கே, எப்போது, காட்டு பார்க்கலாம் என்று நான் வாயைத் திறந்ததும் என் கையைக் கிள்ளிவிட்டாய். அப்புறம் ஓரமாக இழுத்துப்போய், "கிண்டிக் கிண்டிக் கேக்காதடி. கேக்கக் கேக்க அது வாய மூடிக்கும்" என்றாய்.

சாயங்காலம் அவள் அம்மா வந்தாள். மல்லாட்டை மண்டியில் வேர்க்கடலை உடைக்கும் வேலை. கணவன் லாரியோடு போனால் வாரக்கணக்கில் வரமாட்டான். "ராத்திரியில அலறுது டீச்சர். எதையோ பாத்து பயந்துக்கிச்சுன்னு கிளியனூர்ல மந்திரிச்சுக் கயிறு கட்டிக்கினு வந்தேன். சரியாப் பூடும்" என்றாள். நீ திட்டுவாய் என்று பயந்தேன். நீயோ பிள்ளையின் மணிக்கட்டில் இருந்த கறுப்புக் கயிற்றை மெல்லத் தொட்டாய்.

"கட்டுனது சரிம்மா. எதப் பாத்து பயந்துச்சுன்னு யாராவது கேட்டீங்களா?"

"இல்லியே டீச்சர்."

"மண்டியில நைட் வேலை இருந்தா யார்கிட்ட உட்டுட்டுப் போவீங்க?"

அவள் பிள்ளையை அருகில் இழுத்து, கவுனைத் தூக்கிப் பார்த்தாள். வேனல் கொப்புளம் என்று அவள் நினைத்திருந்ததெல்லாம் சூட்டுத் தழும்புகள். பிறகு அந்தத் தரையிலேயே உட்கார்ந்து, "அவருகூடப் பொறந்தவன்னு நம்பி உட்டேனே" என்று வாயில் அடித்துக்கொண்டு அழுதாள். அந்தச் சத்தம் இன்றைக்கும் என் காதில் இருக்கிறது.

கரஸ்பாண்டன்ட் நம்மைக் கூப்பிட்டு, "குடும்ப விஷயம் டீச்சர். போலீஸ் கீலீஸ்னு வந்தா ஸ்கூல் பேரு நாறிப் பூடும். நமக்கு எதுக்கு இந்தப் பேஜாரு?" என்றார். "இன்னைக்கு ராத்திரி அந்தப் புள்ள எங்க சார் தூங்கும்?" என்று கேட்டாய். நீ அந்த அறையிலேயே நின்று குழந்தைகள் உதவி மையத்துக்குப் போன் போட்டாய். அவர்கள் வரும்வரை தாயையும் பிள்ளையையும் விட்டு நகரவில்லை. சித்தப்பன் மேல் வழக்கு ஆனது. தாரணியும் அம்மாவும் பனமலைப் பக்கம் தாய்வீட்டுக்குப் போனார்கள். அடுத்த ஜூனில் உனக்கு வேலை இல்லை என்று சொல்லிவிட்டார்கள். நீ வருத்தப்பட்டதைவிட நான் ஆத்திரப்பட்டதுதான் அதிகம்.

அதற்கப்புறம் ஒருமுறை விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் அவர்களைப் பார்த்தேன். அத்தனை இரைச்சலிலும் தாரணி அம்மா மடியில் வாயைப் பிளந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தாள். எச்சில் ஒழுகுகிறது, ஈ மொய்க்கிறது, ஒன்றும் தெரியவில்லை. நேராக, நீ கடைசியாகப் படுத்திருந்த ஆஸ்பத்திரிக்கு வந்து உன்னிடம் சொன்னேன். மருந்து ஏறிக்கொண்டிருந்த கையால் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாய். "வாயப் பொளந்துக்கினா? நெசமாவாடி?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாய். உன்னை அப்படி அழ வைத்ததில் எனக்கு இன்றும் சந்தோஷம்தான்.

இப்போது எல்.கே.ஜி.யும் என்னிடம்தான். யார் பாய் நனைந்தாலும் என் பாயிலும் தண்ணீர் ஊற்றிவிடுகிறேன். பிள்ளைகள் கைகொட்டிச் சிரிக்கும். "டீச்சர் ஒண்ணுக்குப் போய்ட்டாங்கோ!" என்று போன வாரம் ஒரு வாண்டு ஊரைக் கூட்டியது. சிரித்தால் எனக்கு நிம்மதி, அன்றைக்கு பஸ்ஸில் தூங்கிக்கொண்டே வீட்டுக்குப் போவேன்.

இன்று மித்ராவின் பாய் நனைந்தது. என் பாயில் தண்ணீர் ஊற்றினேன். எல்லோரும் சிரித்தார்கள், அவள் சிரிக்கவில்லை. கதவைப் பார்த்தாள்.

வரும்போது பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தும் தூங்கவில்லையடி. நாளைக் காலையில் அவள் அம்மாவை வரச் சொல்லியிருக்கிறேன். பிள்ளை கையில் புதுக் கயிறு இருக்கிறது. அதைத் தொட்டுத்தான் பேச்சை ஆரம்பிக்கப் போகிறேன்.