யாரையும் தெரியாதவள்

இன்று அஸர் தொழுகைக்குப் பிறகு கல்முனை பஸ் நிலையத்துக் கடையொன்றில் பால் விடாத இஞ்சித் தேநீர், நம் இஞ்சி பிளேன்டி, மணத்தது. இஞ்சியை இன்னும் நசுக்கிப் போடச் சொல்லி நீ கடைக்காரரோடு மல்லுக்கு நிற்பது நினைவு வந்து, குடிக்காமலே வந்துவிட்டேன்.

நாம் இருவரும் தொடங்கிய அந்தச் சின்ன இணையத்தளம் இன்னும் ஓடுகிறது. பெரிய கம்பனி எதற்கும் சொந்தமில்லாதது. நம்மைப் போன்றவர்கள் நடத்தும் எத்தனையோ தளங்களோடு பேசிக்கொள்வது. ஒன்றில் எழுதுவது மற்றதிலும் தெரியும்; ஆனால் யாரைச் சேர்ப்பது, யாரைத் தடுப்பது என்பதில் ஒவ்வொன்றுக்கும் தனிக் கதவு, தனிச் சாவி. இந்தக் கரையோரப் பெண்கள் மனம்விட்டுக் கதைக்க ஓரிடம் வேண்டும் என்றாய். மருதமுனை, காரைதீவு, நிந்தவூர் என்று பல ஊர்களிலிருந்தும் வந்தார்கள்.

பிறகு ஒருத்தி தன் விவாகரத்தைப் பற்றி எழுதினாள். முகமறியாத ஆண்கள் உள்ளே புகுந்து, அவள் படத்தை எடுத்துப் பரப்பிச் சிரித்தார்கள். கணக்கை அழித்துவிட்டுப் போய்விட்டாள். இனி உள்ளே இருப்பவர்களுக்குத் தெரிந்த ஆட்களை மட்டும் சேர்ப்போம் என்றேன்.

"தெரிஞ்சவங்களுக்கு மட்டும் எண்டா, ஆரையும் தெரியாதவ எங்க போற?" என்று கேட்டாய்.

"உள்ளுக்க இருக்கிறவ அழுதா ஆரு பதில் சொல்ற?" என்றேன்.

யாரையும் எதுவும் கேட்காமல் சேர்க்கும் வேறொரு தளத்துக்கு நீ போனாய். சில மாதங்களில் அங்கிருந்தே மறுபடி வசை வந்தது. அந்தத் தளத்தை முழுதாகத் தடுக்கும்படி நம் பெண்கள் சொன்னார்கள். தடுத்தேன். வசையோடு சேர்ந்து உன் எழுத்தும் எங்களுக்கு வராமல் போயிற்று.

மறுநாள் பின்னேரம் அட்டாளைச்சேனையிலிருந்து ஸ்கூட்டியில் சாய்ந்தமருதுக்கு வந்து, என் வீட்டுக் கேற்றில் நின்றாய்.

"அங்க பூட்டிட்டாய். இங்கால வரலாம்தானே புள்ள?"

அதன்பின் எழுத நினைத்ததையெல்லாம் நேரில் வந்து சொன்னாய். தடையை எடு என்று ஒருநாளும் கேட்கவில்லை, நோய் வந்து வார்டில் படுத்திருந்தபோதுகூட.

நீ இறந்த அன்று, மையித்து வீட்டில் யாருக்கும் தெரியாத ஒருத்தி சுவரோரமாக அழுதுகொண்டிருந்தாள். பொத்துவில் பக்கமாம். நீ போய்ச் சேர்ந்த தளத்தில்தான் உன்னோடு பழக்கமாம்; அன்றுதான் உன் முகத்தை முதன்முதலாக நேரில் பார்த்தாளாம்.

"கலியாணம் முடிச்சு வந்த ஊர்ல எனக்கு ஒருத்தரையும் தெரியா. இவதான் ஒவ்வொரு நாளும் என்னோட கதைச்ச," என்றாள்.

எங்கள் தளத்துக்கு வரச் சொன்னேன்.

"ஒருக்கா கேட்டன் ராத்தா. தெரிஞ்ச ஆள் ஒண்டு வேணுமெண்டாங்க."

அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "இப்ப உங்களுக்கு என்னையத் தெரியும்தானே," என்றேன். ஓம் என்று தலையாட்டினாள்.

கதவை நான் திறந்து போடவில்லை. அந்தப் படம் பரவிய நாளை மறக்க முடியவில்லை. ஆனால் தெரிந்த ஆள் இல்லாமல் வந்து கேட்பவளை இப்போது உடனே திருப்பி அனுப்புவதில்லை. சில நாள் நானே அவளோடு கதைத்துப் பார்க்கிறேன். பலர் பதில் எழுதாமலே போய்விடுகிறார்கள். சேர்ப்பதா வேண்டாமா என்று சண்டை பிடிக்க நீ இல்லை. உன் பக்கத்தையும் நானே பேச வேண்டியிருக்கிறது. நீ பேசிய அளவுக்கு அது எனக்கு வருவதில்லை.